நான்காம் சுற்று

மே 6, திங்கள்

இன்று மதியம் அம்மா வீட்டைவிட்டு வெளியே போய்விட்டாள். நான்கு மணிக்குத்தான் கிடைத்தாள். கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தவளை ஒரு கீரைக்காரம்மா பார்த்துத் தண்ணீர் கொடுத்து, நாங்கள் வரும்வரை பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். அம்மா காலில் செருப்பில்லை. கத்திரி வெயிலில், தார் ரோட்டில், ஒன்றரை கிலோமீட்டர். இரண்டு உள்ளங்காலும் கொப்பளித்துவிட்டன.

நாளைக்கு ஆளாளுக்குக் கேட்பார்கள். ஒரே மாதிரி சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதி வைக்கிறேன்.

எங்கள் கிரில் கேட்டுக்குக் கொக்கி வெளிப்பக்கம். உள்ளேயிருந்து கம்பி வழியாகக் கையை நீட்டி மடக்கித்தான் எடுக்க வேண்டும். அம்மாவுக்கு அது மறந்து ஒரு வருடமாகிறது. ஒரு மணிக்குப் பக்கத்து வீட்டு ஷகீலா குக்கரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். அதன்பிறகு நான் அசந்து தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் கேட் திறந்திருந்தது.

அவ்வளவுதான்.

மே 7

டாக்டர் கொப்பளங்களைச் சுத்தம் செய்து கட்டுப்போட்டார். தினமும் நான் செய்ய வேண்டியதைச் சொல்லிக் கொடுத்தார். சலைன் தண்ணீரில் கழுவ வேண்டும், களிம்பு தடவ வேண்டும், வலைத்துணி வைத்துக் கட்ட வேண்டும், ஈரம் படக்கூடாது. "சுகர் இருக்கற கால்மா இது. ஆறலன்னா விரல எடுக்கற அளவுக்குப் போயிடும். நீங்கதான் பாத்துக்கணும்" என்றார்.

நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஷகீலா ஓடிவந்தாள். அம்மாவின் காலைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாலதான்க்கா. கொக்கி போட்டேனா இல்லியான்னு ராவெல்லாம் யோசிச்சுப் பாத்தேன். போட்ட மாதிரியும் இருக்கு, போடாத மாதிரியும் இருக்கு."

"பரவால்ல விடு" என்றேன்.

அதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை.

மே 9

கட்டு மாற்றினேன். மூன்று முறை படுக்கை விரிப்பு மாற்றினேன். ஷகீலா ராகிக் கூழ் கொண்டுவந்தாள். நேற்றும் கொண்டுவந்தாள்.

மே 12, ஞாயிறு

ஷகீலா ஒரு மணி நேரம் அம்மாவோடு இருப்பதாகச் சொன்னதால் பௌத்த மன்றத்துக்குப் போனேன். மூன்று மாதமாகிறது அங்கே போய். பஜார் தெருவில் மாடிமேல் ஒரு ஹால்; புத்தர் சிலை ஒன்று, பாய்கள், சுவரில் அம்பேத்கர் படம். அப்பா ரயில்வேயில் கேங்மேனாக இருந்த காலத்திலிருந்தே நாங்கள் போகும் இடம். எனக்கு விசாகா, தம்பிக்கு ஆனந்தன் என்று பெயர் வைத்ததும் அங்கே பழகிய பழக்கத்தில்தான். நிரந்தரமாகப் பிக்கு யாரும் இல்லை. தையல் கடை வைத்திருக்கும் பத்மாவதிதான் ஞாயிற்றுக்கிழமைகளில் தியானம் நடத்துகிறாள். என் வயதுதான், ஐம்பத்தொன்றோ ஐம்பத்திரண்டோ.

மைத்திரி தியானம், எல்லோருக்கும் நலம் வேண்டுவது. அதில் நான்கு சுற்று. ஒவ்வொன்றையும் எல்லோரும் சத்தமாகச் சொல்ல வேண்டும். முதல் சுற்று தனக்கு: நான் நலமாக இருக்கட்டும், என் மனத்தில் பகை இல்லாமல் இருக்கட்டும், என் துன்பத்தைத் தாங்கும் வலு எனக்கு வரட்டும். இரண்டாம் சுற்று நமக்குப் பிரியமானவருக்கு. மூன்றாவது, முகம் மட்டும் தெரிந்த யாரோ ஒருவருக்கு. நான்காவது நமக்கு ஆகாதவருக்கு. கடைசியில் எல்லா உயிர்களுக்கும்.

இரண்டாம் சுற்றில் அம்மாவுக்குச் சொன்னேன். மூன்றாவதில் கீரைக்காரம்மாவுக்கு. முதல் சுற்றைச் சொல்லவில்லை; தொண்டை கட்டியிருக்கிறது என்று பத்மாவதியிடம் சொல்லிவைத்தேன்.

மே 14

அம்மா இன்று என்னை "சிஸ்டர்" என்று கூப்பிட்டாள். முப்பது வருடம் ரயில்வே ஆஸ்பத்திரியில் ஆயா தனகோட்டியாக இருந்தவள். காலில் கட்டுப்போட்டதிலிருந்து வார்டில் இருப்பதாக நினைக்கிறாள் போலிருக்கிறது.

"சிஸ்டர், மூணாவது பெட்டுக்குப் பெட்பேன் வெச்சாச்சா?"

"வெச்சாச்சும்மா."

"தனகோட்டி வேலன்னா சுத்தமா இருக்கும். டாக்டரம்மாவையே கேட்டுப் பாரு."

வைக்கவில்லை. இரண்டு நிமிடத்தில் விரிப்பு மறுபடி நனைந்தது.

ஓசூரிலிருந்து ஆனந்தன் போன் செய்தான். "நா வந்து ஒரு வாரம் இருக்கட்டாக்கா?" என்றான். வேண்டாம், சமாளித்துக்கொள்வேன் என்றேன். போஸ்ட் ஆபீசில் என் விடுப்பு ஜூன் முப்பதோடு முடிகிறது. அதற்குமேல் நீட்டிக்க முடியாது. போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் வேலையை விட வேண்டும். "என்ன பண்ணப் போற?" என்று கேட்டான். பார்ப்போம் என்றேன்.

மே 17

வெயில் நூற்றெட்டு டிகிரி என்று செய்தியில் சொன்னார்கள்.

நான் இப்போது கேட்டுக்குப் பக்கத்தில் வெறும் தரையில் படுக்கிறேன். அங்கே மின்விசிறி இல்லை. பாதுகாப்புக்காகத்தான். மதியச் சாப்பாட்டை நின்றபடியே அடுப்படியில் முடித்துவிடுகிறேன். சில நாள் முடிப்பதில்லை. பகலில் தலை சாய்ப்பதே இல்லை. கண் சொருகினால் ஏதாவது ஒரு பாத்திரத்தை எடுத்துத் தேய்க்கிறேன். தேய்த்ததையே திரும்பவும் தேய்க்கிறேன்.

இடது காலில் பெருவிரலுக்குக் கீழே சீழ் கட்டியிருக்கிறது. டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்றார். அவர் சொன்ன விதம் பிடிக்கவில்லை.

மே 20

முதுகு பிடித்துக்கொண்டது. கட்டு மாற்றினேன்.

மே 23, புத்த பௌர்ணமி

மன்றத்தில் கூட்டம். பாயசம் கொடுத்தார்கள். எனக்குக் கொடுத்ததை அம்மாவுக்கென்று தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டேன். பத்மாவதி படியிறங்கும்போது கூடவே வந்தாள்.

"தொண்ட சரியாச்சா விசாகா?"

"ம், ஆயிடுச்சு."

"இல்ல, மொதல் சுத்துல உங்க கொரலு வரவே இல்ல. ரெண்டாவதுலதான் ஆரம்பிக்கிறீங்க. அன்னைக்கும் அப்பிடித்தான்."

"களைப்பா இருக்கு" என்றேன்.

"அது தெரியுது. சீக்கிரம் படுங்க" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தப் படியிலேயே சொல்லியிருப்பேனோ என்று வழி முழுக்க யோசித்தேன். சொல்வதற்கு என்ன இருக்கிறது?

மே 26, ஞாயிறு

நான்காம் சுற்றில் வழக்கமாக எங்கள் பழைய போஸ்ட்மாஸ்டரை வைப்பேன். ஏழு வருடம் என்னைப் படுத்திய மனிதர். பத்மாவதி "உங்களுக்கு ஆகாதவங்க முகத்த மனசுல கொண்டாங்க" என்று சொன்னதும் தானாக அவர் வந்துவிடுவார். இன்று வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தேடினேன்.

வந்தது என் முகம். ஈர முகம். எங்கள் வீட்டு வாஷ்பேசின் கண்ணாடியில், சீப்பால் தலையை வாரிக்கொண்டு, வெளியே போவதற்குத் தயாராக நிற்கும் என் முகம்.

எழுந்து வந்துவிட்டேன். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பாதி தெரு நடந்த பிறகுதான் தெரிந்தது.

மே 29

ஷகீலா காலையில் ஒரு புதுப் பூட்டு கொண்டுவந்தாள். கேட்டில் அவளே மாட்டிப் பார்த்தாள். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இனிமே அடிக்கடி வர முடியாதுக்கா. அவரு வேணாங்கறாரு."

"பஷீரா? ஏன்?"

"உனக்குப் பொறுப்பில்ல, யாரு வீட்டுக்கும் போயி எதுவும் செய்யாத, ஒரு உசுரே போயிருக்கும்னு சொல்றாரு. அவரு சொல்றது சரிதானக்கா. இருவது நாளா மதியத் தொழுகையில அழுவறேன். அம்மா கால் நல்லாவணும்னு திங்களும் வியாழனும் நோன்பு புடிக்கிறேன்."

இந்த வெயிலில், தண்ணீர்கூடக் குடிக்காமல்.

"நோன்பெல்லாம் வேணாம் ஷகீலா" என்றேன்.

"வேணாம்னு சொல்லாதீங்கக்கா. அதான் எனக்குக் கொஞ்சம் நிம்மதி."

அவள் போன பிறகு புதுப் பூட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. துடைக்கவில்லை.

மே 30

இன்று எழுதிவிடுகிறேன்.

ஷகீலா கொக்கியைப் போட்டாள். போட்டுவிட்டு ஒருமுறை ஆட்டிப் பார்த்ததையும் நான் பார்த்தேன். ஒன்றரை மணிக்கு நான்தான் குப்பை போட வெளியே போனேன். திரும்பி வரும்போது கேட்டை வெறுமனே சாத்தினேன். கையில் ஈரம், கொக்கி சுடும், அப்புறம் போடலாம் என்று வந்துவிட்டேன். அது மறதி என்றால் மறதி. அதை நான் மன்னித்துவிடுவேன்.

அன்று விடியற்காலையிலிருந்து அம்மா ஓயவில்லை. துணிகளையெல்லாம் இழுத்துப் போட்டாள். குளிக்க வைக்கும்போது என் கையைக் கடித்தாள். மதியம் தட்டைத் தள்ளிவிட்டதில் ரசம் சாதம் சுவர்வரை தெறித்தது. அதையெல்லாம் துடைத்து, குப்பையைக் கொட்டிவிட்டு வந்து, மின்விசிறிக்குக் கீழே தரையில் படுத்தேன்.

நான் தூங்கவில்லை.

கேட் கிறீச்சிட்டது. அம்மாவின் நடை எனக்குத் தெரியும். வலது காலைக் கொஞ்சம் இழுத்து வைப்பாள். அந்தச் சத்தம் வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போவது கேட்டது. எதிரே சுவர்க்கடிகாரம். மணி ஒன்று நாற்பது. எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. 'போகட்டும்' என்று நினைத்தேன். அந்த ஒரு சொல்தான். வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. மின்விசிறிச் சத்தம் மட்டும். எவ்வளவு நாளாயிற்று அப்படியொரு அமைதி கிடைத்து. அதை அனுபவித்தேன். பொய் சொல்லக்கூடாது, அனுபவித்தேன்.

இரண்டு ஐந்துக்கு எழுந்தேன். அப்போதும் ஓடவில்லை. முகம் கழுவினேன். தலை வாரினேன். அதன்பிறகுதான் தெருவில் இறங்கி "அம்மாவைப் பாத்தீங்களா" என்று கத்தினேன். கத்தத் தொடங்கியதும் பயம் உண்மையாகவே வந்துவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள்.

இருபத்தைந்து நிமிடம். அதன் ஒவ்வொரு நிமிடமும் அம்மாவின் காலில் இருக்கிறது. தினமும் நான் கழுவுகிறேன்.

ஜூன் 2, ஞாயிறு

இந்த ஒரு தடவை அம்மாவோடு இருக்க ஷகீலா ஒப்புக்கொண்டாள். தியானம் முடிந்து எல்லோரும் போன பிறகு பத்மாவதியின் கடைக்குப் போனேன். ஒரு ரவிக்கைக்குக் கையால் ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். எழுதியதையெல்லாம் வாயால் சொன்னேன். ஊசி நிற்கவில்லை. நான் முடித்த பிறகுதான் நிறுத்தினாள்.

"இருவத்தஞ்சு நிமிஷம்."

"ஆமா."

"அப்பறம் எழுந்தீங்க."

"எழுந்தேன். எழுந்து தலை வாரினேன்."

"சரி, தலை வாரினீங்க. அப்பறம் போயித் தேடினீங்க. படுத்திருந்தவங்களும் நீங்கதான், எழுந்து தேடினவங்களும் நீங்கதான். ஒருத்தர மட்டும் கூண்டுல நிக்க வெச்சி தெனமும் கேஸ் நடத்துறீங்க."

"அப்போ தப்பில்லங்கறீங்களா?"

"தப்புதான். யாரு இல்லன்னாங்க? எங்க மாமனாரு நாலு வருஷம் படுக்கையில கெடந்தாரு. இவரு இன்னைக்குப் போயிட்டா நல்லாருக்கும்னு நான் நெனச்ச நாளு எத்தனையோ. எங்க வீட்டு கேட் தொறக்கல, அவ்ளோதான் வித்தியாசம்."

நூலைக் கடித்து அறுத்தாள்.

"தரையில படுக்கறீங்க, சோறு திங்கறதில்ல. பாத்தாலே தெரியுது. அதனால அம்மா கால் ஆறிச்சா? அந்த ஷகீலா அழுவறது நின்னுச்சா? உங்கள நீங்களே அடிச்சிக்கிட்டா, சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லாம இருந்துடலாம். அதுக்குத்தான் அது வசதி."

சுருக்கென்றது. கோபம் வந்தது. எழுந்தேன்.

"மைத்திரின்னா தடவிக் குடுக்கறது இல்ல விசாகா" என்றாள். "நீங்க நல்லாருந்தாதான் உண்மைய சொல்ற தெம்பு வரும். மொதல்ல சாப்புடுங்க. அப்பறம் போயி சொல்லுங்க."

ஜூன் 3

தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட முயன்றேன். பாதிக்குமேல் இறங்கவில்லை. திங்கட்கிழமை. பக்கத்து வீட்டில் அவள் நோன்பிலிருப்பாள்.

ஜூன் 5

சொல்லிவிட்டேன்.

கேட்டைப் பூட்டிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். ஷகீலா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்ல அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்போ நான் கொக்கி போட்டேனா?"

"போட்ட. போட்டு ஆட்டிகூடப் பாத்த. நான் பாத்தேன்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நறுக்கிய கத்தரிக்காய் தண்ணீருக்குள் போடாமல் கறுத்துக்கொண்டிருந்தது.

"நாளையோட ஒரு மாசம்க்கா. ஒரு மாசம் நான் என்னையே நம்பல. அடுப்ப அணைச்சேனான்னு நாலு தடவ எழுந்து பாக்கறேன். புள்ளையக் கூட்டிட்டு ரோடு தாண்ட பயந்தேன்."

களைப்பு, தூக்கமில்லை, அம்மா கடித்தாள் என்று சொல்லலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் அவள் முன்னால் அவற்றை எடுத்து வைக்கத் தோன்றவில்லை.

"பஷீர்கிட்ட நானே சொல்றேன்" என்றேன்.

"வேணாம்." பிறகு, "இல்ல, சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க. இப்பப் போங்கக்கா."

மாலையில் பஷீர் கடையிலிருந்து வந்ததும் வாசலிலேயே நிறுத்திச் சொன்னேன். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஜூன் 6

அழுதேன். பிறகு சாம்பார் வைத்து, தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, முழுக்கச் சாப்பிட்டேன். இரண்டையும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஜூன் 9, ஞாயிறு

அம்மாவோடு இருக்க ஆளில்லை. மன்றத்துக்குப் போகவில்லை. ஆனந்தனுக்கு நானே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"கேக்கறேன்கா" என்றான். "உன் பேரு வந்தாலே போன கவுத்து வெச்சிடுவேன். மூணு தடவ அடிச்சா ஒரு தடவதான் எடுப்பேன். மீட்டிங்னு சொல்லுவேன். நீ இருவத்தஞ்சு நிமிஷம் படுத்திருந்த. நான் மூணு வருஷமா படுத்துக்கினு இருக்கேன்."

"நான்தான் வராத வராதன்னேனே."

"நீ சொன்னது எனக்கு வசதியா இருந்துச்சு. இப்ப வரட்டுமா?"

வாய்வரை வந்துவிட்டது, சமாளித்துக்கொள்வேன் என்று. விழுங்கினேன்.

"வா" என்றேன்.

ஜூன் 12

ஒரு வாரம் கழித்து ஷகீலா கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். கையில் தூக்குவாளி.

"எனக்கு இன்னும் கோவம் இருக்குக்கா. போகல. சொல்லிட்டுதான் வரணும்னு வந்தேன்."

"இருக்கட்டும்" என்றேன். "இருக்கத்தான் செய்யும்."

"நோன்ப நிறுத்தல. இப்ப அம்மாவுக்காக புடிக்கிறேன், என் தப்புக்காக இல்ல. இது கஞ்சி. அம்மாவுக்கு."

உள்ளே வரவில்லை. முன்பெல்லாம் அவள் அப்படி நின்றிருந்தால் அன்று முழுவதும் நான் சாப்பிட்டிருக்கமாட்டேன். இன்று அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டினேன். மிச்சத்தை நான் குடித்தேன். நன்றாக இருந்தது.

ஜூன் 14

சீழ் வற்றிவிட்டது. இடது காலில் புதுத் தோல், குழந்தைத் தோல் மாதிரி. "விரலுக்கு இனிமே பயமில்லம்மா, நல்லா பாத்துருக்கீங்க" என்றார் டாக்டர். அவரிடம் நான் சொல்லவில்லை. எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்றும் படுகிறது.

ஜூன் 15

நல்ல நாள் இல்லை. அம்மா புதுத் தோலைப் பிய்க்கப் போனாள். தடுத்தேன். என் முகத்தில் துப்பினாள். அவள் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து உலுக்கினேன். "ஏம்மா என்னக் கொல்ற" என்று கத்தினேன். அவள் பயந்து ஒடுங்கியதைப் பார்த்ததும் கையை விட்டேன்.

அடுப்படிக்குப் போய் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வழக்கமான பேச்சு உள்ளே தொடங்கியது: நீ இப்படித்தான், நீ திருந்தமாட்டாய், உன்னை அம்மாவோடு விடக்கூடாது. அதற்கு நடுவில் முதல் சுற்றைச் சொல்லிப் பார்த்தேன். 'நான் நலமாக இருக்கட்டும்' என்பது வரவில்லை. மூன்றாவது வரி வந்தது. என் துன்பத்தைத் தாங்கும் வலு எனக்கு வரட்டும். அதையே நாலைந்து முறை சொன்னேன். புனிதமாக எதுவும் தோன்றவில்லை. முட்டி வலித்தது. ஆனால் திரும்பப் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார முடிந்தது. மணிக்கட்டைத் தடவிக் கொடுத்தேன். அவள் அதற்குள் மறந்துவிட்டிருந்தாள். நான் மறக்கவில்லை, மறக்கவும் வேண்டாம்.

ஜூன் 16, ஞாயிறு

காலை வண்டியில் ஆனந்தன் வந்தான். அம்மாவைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். "யாருப்பா நீ, விசிட்டர்ஸ் டைம் நாலு மணிக்குதான்" என்றாள் அம்மா.

கட்டு மாற்றுவது, மாத்திரை, குளிப்பாட்டுவது எல்லாம் காட்டிக் கொடுத்தேன். பெட்பேனை எடுக்கும்போது சாய்த்துவிட்டான். எல்லாம் கீழே கொட்டியது. "பரவால்ல, எனக்கும் மொதல்ல அப்படித்தான்" என்றேன். யாரிடமாவது அதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஜூன் 18

முப்பதாம் தேதிவரை ஆனந்தன் இருப்பான். பகலில் வந்து பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைப் பத்மாவதி விசாரித்துச் சொல்லியிருக்கிறாள். மாதத்தில் பத்து நாள் அம்மாவை ஓசூருக்குக் கூட்டிப்போவதாக ஆனந்தன் சொல்கிறான். அவன் மனைவி என்ன சொல்வாளோ தெரியாது. ஜூலை ஒன்றாம் தேதி வேலையில் சேர்கிறேன் என்று ஆபீசுக்கு எழுதிப் போட்டுவிட்டேன். நடக்குமா நடக்காதா, அது பிறகு.

இன்று மதியம் சாப்பிட்டுவிட்டு, "கொஞ்சம் படுக்கறேன்டா" என்றேன். சொல்லும்போது வெட்கமாக இருந்தது. "படுக்கா, நான் இருக்கேன்" என்றான். கட்டிலில் படுத்தேன். மின்விசிறியைப் போட்டுக்கொண்டேன்.

எழுந்தபோது ஆறு மணி. வெளியே வெயில் தணிந்து காற்று வந்துகொண்டிருந்தது. ஆனந்தன் டீ போட்டுக் கொடுத்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னடா?"

"மூணு மணிக்கு நான் போன்ல பேசினேன். அம்மா வந்து என் கையில அடிச்சாங்க. உன் ரூம் கதவுகிட்ட நாற்காலிய இழுத்துப் போட்டுக்கினு உக்காந்துட்டாங்க. ரெண்டு மணி நேரம் நகரல."

"ஏனாம்?"

"'மெதுவா பேசுப்பா. அந்தப் பொண்ணு ராவெல்லாம் டூட்டி பாத்துட்டு வந்து படுத்திருக்கு. பாவம், ரொம்ப நல்ல பொண்ணு. தூங்கட்டும்'னாங்க."

டீ ஆறும்வரை கையிலேயே வைத்திருந்தேன். பிறகு குடித்தேன்.